சிறுநீரைப் பாதியில் நிறுத்துவது பயிற்சி அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசிகிறது என்போருக்கு நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்கள் கீகல் பயிற்சியை, அதாவது சிறுநீர்ப்பையையும் கர்ப்பப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்பு அடித்தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைச் சொல்வது நல்லதே. ஆனால் கூடவே, 'சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழகுங்கள்' என்ற வரியும் வந்துவிடுகிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம், அவ்வளவுதான். தினமும் செய்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகலாம். தேங்கும் சிறுநீரில் கிருமித் தொற்று வர இடமுண்டு.

முழங்காலை மடக்கி மல்லாந்து படுங்கள். வாயு பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயைச் சுருக்கி, அந்த இறுக்கத்தை முன்பக்கம்வரை கொண்டுவந்து, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். பிட்டமும் தொடையும் தளர்ந்திருக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. இழுத்தபடியே ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். முதலில் 3 விநாடி பிடித்தால் போதும், வாரக்கணக்கில் மெல்ல மெல்ல 10 விநாடிக்குக் கொண்டுபோகலாம். பிடித்த நேரத்துக்குக் குறையாமல் தளர்த்தவும் வேண்டும். இப்படி 8 முதல் 10 தடவை. பிறகு சட்டென இறுக்கிச் சட்டென விடுவது 10 தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது 3 மாதம். இருமல், தும்மல் வருமுன் ஒரு நொடி முந்திக்கொண்டு இறுக்கும் பழக்கமும் கசிவைக் குறைக்கும்.

பலருக்குப் பிசகுவது இதில்தான்: மேலே இழுப்பதாக நினைத்து, மலம் கழிக்க முக்குவதுபோலக் கீழே தள்ளுகிறார்கள். கர்ப்பப்பை கீழே இறங்கியவர்களுக்கு இது தொல்லையைக் கூட்டும். சுத்தமான விரலைப் பிறப்புறுப்பினுள் வைத்துப் பார்த்தால் தெரியும். விரலைக் கவ்வி உள்ளே இழுத்தால் சரி, வெளியே தள்ளினால் தவறு.

இன்னொன்றை யாரும் எழுதுவதில்லை. சிலருக்கு இந்தத் தசை பலவீனமாக இருக்காது, எந்நேரமும் இறுகியே இருக்கும். உறவின்போது வலி, சிறுநீர் வரத் தாமதம், மலச்சிக்கல் என்று அது காட்டும். இவர்கள் கீகல் செய்தால் வலி கூடும். வயிறு உப்பும்படி மூச்சை இழுத்து, அடித்தசையைத் தளரவிடத்தான் இவர்கள் பழக வேண்டும். எனவே பயிற்சியைத் தொடங்குமுன், இதில் தேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்வது நல்லது. பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரப் பரிசோதனையில் குழந்தையின் எடையைப் பார்க்கிறோம். தாயிடம் 'சிறுநீர் கசிகிறதா?' என்றும் கேட்க வேண்டும். 'பிள்ளை பெற்றால் இப்படித்தான்' என்ற பேச்சைக் கேட்டுப் பல பெண்கள் வருடக்கணக்கில் துணி வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கும் உடனே அறுவை சிகிச்சைதான் என்றில்லை. பிறப்புறுப்பினுள் வைத்துக் கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் பெசரி வளையம் பலருக்குப் போதும். சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ பயிற்சியை நம்பி நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

அடுத்த முறை கீகல் பற்றி வெளியிடும்போது, இறுக்குவதோடு தளர்த்துவதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மகளிர் நல இயன்முறை மருத்துவர்கள் சிலர்