ஏஐ போட்ட படத்துக்கு ஆர் சொந்தக்காரர்?

ஆசிரியருக்கு,

வெள்ளவத்தையில ரெண்டு புடவைக் கடைக்காரர் தீபாவளி போஸ்டருக்கு சண்டை பிடிச்சுக்கொண்டு நிக்கினம். ரெண்டிலயும் ஒரே படம், பட்டுச்சீலை கட்டின பிள்ளை, பக்கத்தில குத்துவிளக்கு, அதில திரியே இல்லாம சுடர் மட்டும் அந்தரத்தில எரியுது, அந்தப் பிழையும் அப்பிடியே ரெண்டிலயும் கிடக்கு. கொப்பி அடிச்சதுதான். ஆனா முதல் கடைக்காரர் "கொப்பிரைட் என்னட்ட, கோர்ட்டுக்குப் போவன்" எண்டு நிக்கிறார், அங்கதான் சிக்கல், ஏனெண்டா அவருக்கு டிசைன் செய்து குடுத்த பொடியன் ஏஐக்கு நாலு வரி டைப் பண்ணி எடுத்துப்போட்டு கடைப் பெயர மட்டும் மேல ஒட்டியிருக்கிறான்.

எங்கட இலங்கையின்ட 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில ஆக்கியோன் எண்டா ஆக்கத்தப் படைச்ச ஆள், அதுவும் ரத்தமும் சதையுமான மனிசன். ஆக்கியோன் செத்து 70 வருசம் வரைக்கும் பாதுகாப்பு எண்டும் இருக்கு, கொம்பியூட்டருக்கு ஆர் மரண சர்டிபிகேட் எடுக்கிறது? என்ட வாசிப்பில அந்தப் பிள்ளையின்ட படத்துக்கு சொந்தக்காரரே இல்ல.

அமெரிக்காவில 2025 மார்ச்சில அப்பீல் கோர்ட்டும் மனிசன் படைக்காட்டி கொப்பிரைட் இல்லையெண்டு சொல்லிப்போட்டுது. அதுக்கு முதல், 2023ல, ஏஐ படங்களோட வந்த ஒரு காமிக்குக்கு அங்கத்த கொப்பிரைட் அலுவலகம் எழுதின வசனத்துக்கும் படங்கள அடுக்கின விதத்துக்கும் உரிமை குடுத்தது, படங்களுக்குக் குடுக்கேல்ல. எனக்கு அது நியாயமாப் படுது. இங்கிலாந்துக்காரர் 1988லயே மனிச ஆக்கியோன் இல்லாத கொம்பியூட்டர் ஆக்கத்துக்கு, அதுக்கு ஏற்பாடு செய்த ஆளுக்கு 50 வருசம் எண்டு எழுதி வச்சிருக்கினம், தயவுசெய்து அத இங்க கொண்டு வராதேங்கோ, நாலு வரிக்கு 50 வருசமா?

நானும் பிரிண்டிங் லைன்லதான் இருக்கிறன், ஏஐ படத்த எடுத்து இரவிரவா போட்டோஷொப்ல கை, முகம் எல்லாம் திருப்பிக் கீறி, தமிழ் எழுத்தத் தாங்களே வரைஞ்சு குடுக்கிற பொடியளும் இருக்கினம். அவங்கட பங்குக்கு எவ்வளவு உரிமை எண்டதுதான் இங்க ஒருத்தருக்கும் விளங்கேல்ல. தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இதுக்கு தமிழிலயும் சிங்களத்திலயும் ரெண்டு பக்கத்தில ஒரு விளக்கம் போட்டாலே காணும், புதுச் சட்டம் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தா எத்தின தீபாவளி போகுமோ தெரியாது.

கடைக்காரருக்கும் ஒண்டு. கடைப் பெயரையும் லோகோவையும் ட்ரேட் மார்க்கா பதியலாம், அதுக்கு கீறினது ஆர் எண்ட கேள்வி வராது. போஸ்டருக்கு லோயருக்குக் குடுக்கிற காச அதில போடுங்கோ.

வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 06