வெள்ளிக் கொலுசைப் பற்பசை போட்டுத் தேய்க்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் பத்திரிகைகளின் வீட்டுக் குறிப்புப் பகுதியில் தவறாமல் ஒன்று வரும்: கறுத்த வெள்ளியைப் பற்பசையோ பல்பொடியோ திருநீறோ போட்டுத் தேய்த்தால் புதுசாகிவிடும் என்று. பளபளப்பு வருவது உண்மைதான். ஆனால் தேய்த்த துணியில் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்பில் நம் வெள்ளியும் சேர்ந்து போகிறது.

வெள்ளி கறுப்பதற்கு உடம்புச் சூடு காரணம் என்று பலர் நம்புகிறார்கள். காரணம் கந்தகம். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து சில்வர் சல்ஃபைடு என்ற கறுப்புப் படலமாகின்றன. அதைச் சுரண்டினால் படலத்துக்குள் இருக்கும் வெள்ளியும் போயிற்று. பற்பசையில் உள்ள பொடித் துகள்கள் அடியிலிருக்கும் நல்ல வெள்ளியிலும் கீறல் போடும். ஒரு தடவையில் ஒன்றும் தெரியாது. வருஷக்கணக்காகத் தேய்த்த குங்குமச் சிமிழின் மூடியைப் பாருங்கள்: லட்சுமியின் மூக்கும் விரல்களும் மழுங்கி, தாமரை வெறும் மேடாக இருக்கும்.

தேய்க்காமலே கறுப்பை எடுக்க வழி இருக்கிறது. முதலில் நகையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் மென்மையான பிரஷ்ஷால் கழுவுங்கள். தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் ஒட்டியிருந்தால் அடுத்த வேலை நடக்காது. பிறகு ஒரு கண்ணாடி அல்லது பீங்கான் கிண்ணத்தின் அடியில் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதன் மேல் படும்படி வையுங்கள். படாமல் மிதந்தால் பலனில்லை. ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஆப்ப சோடாவும் ஒரு தேக்கரண்டி உப்பும் கரைத்து ஊற்றுங்கள். பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போட வேண்டாம். கொஞ்ச நேரத்தில் அழுகிய முட்டை வாடை வரும். கந்தகம் வெள்ளியை விட்டுக் கிளம்புகிற வாடை அது, ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். தாள் கறுத்து மங்கும். கறுப்பாக மாறியிருந்த வெள்ளி, நகையிலேயே மறுபடி வெள்ளியாகிவிடும். மூன்று முதல் ஐந்து நிமிஷம் போதும். மிச்சம் இருந்தால் தாளையும் தண்ணீரையும் மாற்றி இன்னொரு முறை செய்யலாம். வெளியே எடுத்ததும் கொஞ்சம் பால் நிறமாக, ஒளியில்லாமல் இருக்கும். நல்ல தண்ணீரில் அலசி, பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றித் துடைத்தால் ஒளி வந்துவிடும்.

கொலுசுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். சலங்கை முத்துக்குள்ளும் திருகாணிக்குள்ளும் தண்ணீர் தங்கும். நன்றாக உதறி, துணி மேல் பரப்பி மின்விசிறிக் காற்றில் இரவு முழுக்க விடுங்கள். அப்படியே டப்பாவில் போட்டால் சீக்கிரமே கண்ணிகளின் இடுக்கில் மறுபடி கறுப்பு தெரியும்.

எல்லா நகைக்கும் இந்த முறை ஆகாது. அரக்கு வைத்துக் கல் பதித்த நகையைச் சூடான தண்ணீரில் போட்டால் அரக்கு இளகிக் கல் உதிரும். நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைகள், நாட்டிய நகைகள் போன்றவற்றைத் தண்ணீர் பக்கமே கொண்டு போகாமல் உலர்ந்த துணியால் மட்டும் துடையுங்கள். முத்து, பவளம் பதித்ததற்கும் அதேதான். வேலைப்பாட்டின் பள்ளங்களில் வேண்டுமென்றே கறுப்பேற்றிய ‘ஆக்சிடைஸ்டு’ நகையை அலுமினியத் தாளில் போட்டால் அந்தக் கறுப்பும் போய் வேலைப்பாடு வெளிறிவிடும். ஜெர்மன் சில்வர் என்று விற்பதில் வெள்ளியே கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. வெள்ளியில் பச்சைக் களிம்பு கட்டினால் அது அதில் கலந்துள்ள செம்பின் வேலை. 925 முத்திரை உள்ள நகையிலும் 1000 பங்கில் 75 பங்கு வேறு உலோகம், பெரும்பாலும் செம்பு. புளியும் எலுமிச்சையும் அந்தக் களிம்பைத்தான் எடுக்கும், கறுப்பை எடுக்காது.

எடுத்து வைக்கும் முறையில்தான் பாதிக் காரியம் கெடுகிறது. ஜோடி பிரியாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டு வைத்த கொலுசை எடுத்துப் பார்த்தால், பேண்டு பட்ட இடத்தில் மட்டும் மை தீட்டியது போலக் கோடு விழுந்திருக்கும். ரப்பரில் கந்தகம் உண்டு. தங்கள் நாளிதழ் உள்பட எந்தச் செய்தித்தாளிலும் வெள்ளியைச் சுற்றி வைக்க வேண்டாம். பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறையில் ஒவ்வொன்றையும் தனியாகப் போட்டு, மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உடன் வையுங்கள். பட்டாசு மருந்திலும் கந்தகம் இருப்பதால், தீபாவளியன்று போட்டிருந்த வெள்ளியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகே உள்ளே வையுங்கள்.

வீட்டு வாசலில் வந்து பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்கவே கூடாது. அமிலத்தில் முக்கினால் வெள்ளி கரைந்து அவர்கள் பாத்திரத்தில் தங்கிவிடும். கடையில் மெருகுக்குக் கொடுத்தாலும் முன்னும் பின்னும் கண் எதிரே எடை போடச் சொல்லுங்கள்.

இந்த அலுமினியத் தாள் முறையை வீட்டுக் குறிப்பாக வெளியிடும்போது, கல் வைத்த நகைக்கும் கறுப்பேற்றிய நகைக்கும் இது ஆகாது என்ற ஒரு வரியையும் சேர்த்துப் போடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், சேலம்