வெளிநாட்டு வங்கிக் கடன் திட்டங்களின் விவரமும் புகார் வழியும் தமிழில் கேட்டு மனு

அனுப்புநர்:
சீதபற்பநல்லூர் வட்டார விவசாயிகள், சாலையோர வியாபாரிகள்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். திருநெல்வேலி–தென்காசி சாலை உலக வங்கிக் கடனில்தான் நான்குவழியானது. பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். கடன் வாங்குவதே தவறு என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் இப்படிக் கடனில் வரும் இன்னொரு பணிக்காக அளக்க வந்தவர்கள், வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எதற்கு என்று ஓர் அலுவலகத்தில் கேட்டால், "பேங்க் முடிவு பண்ணியாச்சு" என்கிறார்கள்.

அந்த முடிவில் எங்கள் குரல் எங்கே இருக்கிறது? உலக வங்கியில் நாட்டுக்கு ஒரு வாக்கு கிடையாது. பங்குத்தொகைக்கு ஏற்பத்தான் வாக்கு. அமெரிக்காவிடம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, இத்தனை கோடிப் பேர் வாழும் இந்தியாவிடம் சுமார் 3 சதவீதம்தான். திட்டங்களுக்கு ஒப்புதல் தரும் அதன் இயக்குநர் குழுவில் நம் பிரதிநிதியான நிர்வாக இயக்குநர், வங்கதேசம், பூடான், இலங்கைக்கும் சேர்த்தே அங்கே பேசுகிறார். கடனை வட்டியோடு அடைப்பது மட்டும் நம் வரிப்பணம்.

உலக வங்கிக் கடனில் வந்த அணைக்கு எதிராக நர்மதைக் கரை மக்கள் போராடிய பிறகு, 1993-இல் உலக வங்கி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. பாதிக்கப்படுவோர் இரண்டு பேர் சேர்ந்தாலே போதும், அதற்கு மனுப் போடலாம். தமிழிலேயே எழுதலாம், பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம். முதலில் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கெடு உண்டு. பழைய திட்டங்களில் கடன் 95 சதவீதம் பட்டுவாடா ஆகிவிட்டால் மனுவை ஏற்க மாட்டார்கள். 2020 செப்டம்பருக்குப் பின் ஒப்புதலானவற்றுக்குத்தான் கடன் கணக்கு முடிந்து 15 மாதம் வரை அவகாசம். ஆசிய வளர்ச்சி வங்கியிலும் இப்படியொரு புகார் ஏற்பாடு இருக்கிறது. இதையெல்லாம் எந்த அதிகாரியும் எங்களுக்குச் சொன்னதில்லை. தெரிய வரும்போது கெடு முடிந்திருந்தால் அந்த உரிமையால் யாருக்கு என்ன பயன்?

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, விவரங்களை வெளியிடும்போது உள்ளூர் மொழியைக் கவனத்தில் கொள்ளச் சொல்கிறது. எனவே, மாவட்டத்தில் நடக்கும் ஒவ்வொரு வெளிநாட்டுக் கடன் பணிக்கும் கடன் தொகை, நில எடுப்பு, இழப்பீடு, புகார் முகவரி, கெடு தேதி ஆகியவற்றைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டவும், அக்டோபர் 2 கிராம சபையில் வாசிக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம். நில அளவைக்கு முன்பே இது நடக்க வேண்டும்.

அப்புறம், தங்கள் அதிகாரத்துக்கு வெளியே உள்ள ஒன்று. உலக வங்கியின் ஆளுநர் குழுவில் இந்தியாவின் பிரதிநிதியாக இருப்பவர் ஒன்றிய நிதியமைச்சர். நம் நிர்வாக இயக்குநர் எந்தத் திட்டத்தில் என்ன நிலை எடுத்தார் என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற எங்கள் கோரிக்கையை, தங்கள் பரிந்துரையோடு மாநில அரசு வழியாக அவருக்கு அனுப்பி, நகலை எங்களுக்குத் தந்து உதவ வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சீதபற்பநல்லூர் வட்டாரப் பொதுமக்கள்

இணைப்பு: எண் எழுதிய சுவர்களின் படங்கள், கையெழுத்துப் பட்டியல்