ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேரன்மகாதேவி வட்டாரத்தில் முப்பத்தாறு வருடமாகப் பீடி சுற்றுகிறேன். பட்ஜெட் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்ததையெல்லாம் விடாமல் படித்தேன். எல்லாம் கோடிக் கணக்கு. எங்கள் கணக்கு ஆயிரத்தோடு சரி: ஆயிரம் பீடிக்குக் கூலி, அதில் கழிவு போக மீதி. எனக்குத் தெரிந்த அந்தக் கணக்கிலேயே எழுதுகிறேன்.

1976-இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பிற்பாடு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பீடிக் கம்பெனிகளிடம் மத்திய அரசு தீர்வை வாங்கியது. அந்தப் பணத்தில்தான் எங்களுக்கு மருந்தகம், பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி, வீடு கட்ட மானியம். கடைசியாக அந்தத் தீர்வை ஆயிரத்துக்கு ஐந்து ரூபாய். என் மூத்த மகள் அந்த உதவித்தொகையில் படித்தவள். நாங்கள் சுற்றிய பீடியில் எடுத்த காசு என்பதால் கை நீட்டி வாங்கக் கூசியதில்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது, தீர்வை போனது. பீடிக்கு 28 சதவீத வரி போட்டார்கள். அது பொதுக் கஜானாவுக்குப் போனது. அன்றிலிருந்து மருந்தகம் பட்ஜெட்டில் ஒதுக்குவதை எதிர்பார்த்து நிற்கிறது. நான் போகும் மருந்தகத்தில் முன்பு இரத்த அழுத்த மாத்திரை ஒரு மாதத்துக்குத் தருவார்கள். போன தடவை பத்து நாளைக்குத்தான் கிடைத்தது. இருமல் மருந்து இல்லவே இல்லை. டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், ஒற்றை ஆளாக மூன்று ஊர் பார்க்கிறார். திருநெல்வேலிக்குப் போகலாமே, டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாதே என்கிறார்கள். போய்த் திரும்புவதற்குள் நனைத்து வைத்த இலை காய்ந்துவிடும். அன்றைய கூலியை யார் தருவார்கள்?

பீடி கெடுதல், தொழிலே ஒழியட்டும் என்பவர்களும் உண்டு. கெடுதல்தான். நான் ஒரு பீடிகூடப் புகைத்ததில்லை, தூள் நெடியிலேயே இருமுகிறேன். அதற்குத்தானே மருந்து கேட்கிறோம்?

பேரன் அங்கன்வாடிக்குப் போகிறான். ஒரு குழந்தையின் ஊட்டச்சத்து உணவுக்கு நாளொன்றுக்கு எட்டு ரூபாய் என்று 2017-இல்தான் மத்திய அரசு நிர்ணயித்தது. அதிலும் பாதி மாநிலத்தின் பங்கு. உயர்த்துவோம் என்று 2025 பட்ஜெட் உரையில் வாசித்தார்கள், எட்டு வருடம் கழித்து. நடுவில் பருப்பும் எண்ணெயும் அதே விலையிலா நின்றன? விலை ஏற ஏறத் தொகையை அசையாமல் வைத்திருந்தால் அதுவும் வெட்டுதான், அறிவிக்காத வெட்டு.

பீடியில் வசூலாகும் வரியிலிருந்து ஆயிரத்துக்கு ஐந்து ரூபாயைச் சட்டப்படி தனியே எடுத்து நல நிதியில் போட வேண்டும் என்று எங்கள் எம்.பி. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். ஐந்து ரூபாய் பழைய கணக்கு. கூட்டிக் கேட்டாலும் தப்பில்லை.

இப்படிக்கு,
பீடி சுற்றும் தொழிலாளி ஒருத்தி,
திருநெல்வேலி மாவட்டம்