சாங்சாவில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள வளர்மதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். தம்பிக்கு வேலை உறுதியாகிவிட்டது. விவரத்தை அவனே சொல்வான். அம்மாவின் புடவைகளை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். அதன் பிறகு நீயாக எதுவும் எழுதவில்லை. நான் கூப்பிட்டாலும் "நல்லா இருக்கேன்ப்பா" என்பதற்கு மேல் பேச்சு நீள்வதில்லை. பீரோவை நான் திறக்கவில்லை. அத்தை கேட்டதற்கும் இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நான் எழுத நினைத்தது உன் சாங்சாவில் அகழ்ந்தெடுத்த மாவாங்துய் என்ற பழங்காலக் கல்லறைகளைப் பற்றி. நீ எங்களை ஹூனான் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனபோது, அங்கிருந்த சீன மொழிப் பலகைகளை நின்று நின்று படித்துப் பொருள் சொன்னாய். என் மகள் சீன மொழியைத் தண்ணீர்பட்ட பாடாக வைத்திருக்கிறாள் என்று உன் அம்மா ஊர் திரும்பிய பிறகு பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தாள். பள்ளியில் வரலாறு நடத்திய எனக்கு அன்று புரியாத சில செய்திகள், அவள் போன பிறகு இந்த மாதங்களில் மீண்டும் எடுத்துப் படித்தபோது புரிகின்றன. அவற்றை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

1972இல் முதல் கல்லறை அகழப்பட்டபோது, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த நான்கு சவப்பெட்டிகளுக்குள், இருபது அடுக்குத் துணிகளால் சுற்றிக் கட்டப்பட்டிருந்த சின் ஜுய் என்ற பெண்ணின் உடல் கிடைத்தது. சாங்சா அரசின் முதலமைச்சராக இருந்த லீ ட்சாங் பிரபுவின் மனைவி அவள். ஏறக்குறைய 2,100 ஆண்டுகளுக்குப் பிறகும் தோல் மென்மையாக இருந்தது, மூட்டுகளை மடக்க முடிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் உன் நகரத்து மருத்துவக் கல்லூரிக்காரர்கள் உடற்கூறு ஆய்வு செய்து, வயது ஐம்பது இருக்கும், இதய நோய் இருந்தது, பித்தப்பையில் கற்கள் இருந்தன, முதுகெலும்பின் வட்டுத் தேய்ந்திருந்தது என்றெல்லாம் கண்டார்கள். உணவுப் பாதையில் 138 முலாம்பழ விதைகள் இருந்தன.

பார்க்க வருகிறவர்கள் அந்த உடலைப் பற்றித்தான் வியந்து பேசுகிறார்கள். என் மனம் வேறு ஒன்றில் நிற்கிறது. கல்லறை அறையைச் சுற்றிக் கரி கொட்டி, அதற்கு வெளியே ஏறக்குறைய ஒரு மீட்டர் கனத்துக்கு வெண்களிமண்ணை இறுக்கி அடைத்திருந்தார்கள். காற்றும் நீரும் புகாததால்தான் உடல் கெடவில்லை. ஆனால் அத்தனை பாடுபட்டு அடைத்த அந்த வீட்டுப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அடைத்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் முன்பின் அறியாத மருத்துவர்களும், கண்ணாடிக்கு வெளியே வரிசையில் நின்ற நம்மைப் போன்றவர்களும்தான். முகம் எத்தனை நாள் இருந்தது, யார் அதைக் கடைசியாகப் பார்த்தார்கள் என்பதைக் கொண்டு உறவை அளப்பதாக இருந்தால் அவளுடைய பிள்ளைகளுக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீ வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதைப் பற்றி நீ என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், விமானம் தள்ளிப்போனதும், மறுநாள் எப்போது புறப்படும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனதும், பெரியப்பா அதற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றதும் உனக்கு முழுவதுமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது.

பண்டைச் சீனத்தில் ஒருவருக்கு மூச்சு நின்றதும் இறுதிச் சடங்கைத் தொடங்கிவிட மாட்டார்கள். ஒருவர் இறந்தவரின் உடையைக் கையில் எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, வடக்கு நோக்கி நின்று, பெயர் சொல்லி, திரும்பி வா என்று மூன்று முறை கூப்பிடுவார். பிறகு அந்த உடையைக் கீழே போட, கீழே நிற்பவர் வாங்கிக்கொண்டு போய் உடலின் மேல் போர்த்துவார். உயிரின் ஒரு பங்கு மேலே போய்விடும், இன்னொரு பங்கு உடலோடு மண்ணில் தங்கும் என்று அவர்கள் நம்பினார்கள். போகிற பங்கைக் கூப்பிட்டுப் பார்த்து, அது வராதபோதுதான் இறந்தது இறந்ததுதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். அன்பு செய்யக்கூடியதை முழுவதுமாகச் செய்து முடிப்பது இந்த அழைப்புத்தான் என்று அவர்களுடைய பழைய சடங்கு நூல் ஒன்று சொல்கிறது. வருவார் என்ற உறுதியில் யாரும் கூரை ஏறவில்லை. கூப்பிடாமல் விடக் கூடாது என்பதற்காக ஏறினார்கள்.

அன்று விடியற்காலையில், மூச்சு நின்ற பிறகு, போனை உன் அம்மாவின் காதருகே பிடித்திருந்தது நான்தான். நீ கூப்பிட்டாய், வளர்மதி. மருத்துவமனையில் அத்தனை பேர் நின்றிருந்தோம், எங்களில் ஒருவருக்கும் குரல் எழும்பவில்லை. தூரத்தில் இருந்த நீதான் கூப்பிட்டாய். அது நடந்த செய்தி. அதை நீ மறந்துவிட்டு, வரவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டிருப்பதாக எனக்குப் படுகிறது. தூங்குகிறாயா? இரவு நேர வேலையை நீயாகக் கேட்டு வாங்கிக்கொண்டதாகத் தம்பி சொன்னான். அது வேண்டாம்.

சின் ஜுய்யின் பெட்டிமேல் விரித்திருந்த பட்டுத் துணி உனக்கு நினைவிருக்கும். இரண்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம். மேலே ஒரு புறம் காகம் அமர்ந்த சூரியன், மறு புறம் தேரையும் முயலும் உள்ள நிலவு. அடியில் பூமியைத் தாங்கி நிற்கும் ஒரு பூதம். நடுவே வட்டக் கல்லின் துளை வழியாகப் பின்னிக்கொண்டு ஏறும் இரண்டு டிராகன்கள். அவற்றுக்கு நடுவில் அவள் நிற்கிறாள். வானுலகம் போகிற ஒருத்தியை இளமையாகவும் நிமிர்ந்தும் வரைந்திருக்கலாம். அந்த ஓவியர் அப்படிச் செய்யவில்லை. சற்றே கூனிய முதுகும் ஊன்றிய கோலுமாக, பின்னால் மூன்று பணிப்பெண்களோடு, அவள் எப்படி இருந்தாளோ அப்படியே வரைந்திருக்கிறார். முதுகு வலியோடு வாழ்ந்தவள் என்று மருத்துவர்கள் எலும்பைப் பார்த்துச் சொன்னதை அவர் கண்ணால் பார்த்தே வரைந்துவிட்டார். சீனக் கல்லறைக் கலையில் நான் அறிந்தவற்றுள் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல மாட்டேன். முதல் பேரரசரின் களிமண் படையில் அதிகாரம் தெரிகிறது. லியூ ஷெங் இளவரசருக்குப் பொன் கம்பியால் கோத்த பச்சைக்கல் உடையில் செல்வம் தெரிகிறது. இந்தத் துணியில் ஒரு வீட்டார் தங்கள் வீட்டுப் பெண்ணை அறிந்திருந்தது தெரிகிறது.

கல்லறையின் வடக்கு அறையை அவர்கள் வரவேற்பறையாகவே அமைத்திருந்தார்கள். சுவரில் திரைச்சீலை, தரையில் பாய், அவளுடைய ஊன்றுகோல், பட்டுக் காலணி, எதிரே ஆடவும் இசைக்கவும் மரப் பொம்மைகள். அரக்குப் பூசிய தட்டில் சிறு தட்டுகள் ஐந்து, கிண்ணங்கள், உண்பதற்குக் குச்சிகள். அந்த வீட்டு அரக்குப் பாத்திரங்களில் பலவற்றின் உட்புறத்தில் சாப்பிடுங்கள், அருந்துங்கள் என்று எழுதியிருக்கிறது. ஒரு பாத்திரத்தைத் திறந்தபோது நீரில் தாமரைக்கிழங்கு வில்லைகள், அப்போதுதான் நறுக்கிப் போட்டவை போல மிதந்தனவாம். எடுத்துச் செல்லும்போது பட்ட அசைவிலேயே கரைந்து போய்விட்டன. உன் அம்மா அதைக் கேட்டுவிட்டு அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை, யார் நறுக்கியிருப்பார்கள் என்று உன்னைக் கேட்டாள். நீ சிரித்தாய். இப்போது யோசித்தால் அது நல்ல கேள்வி. தன் கையால் அவளுக்கு உணவிட்ட யாரோ ஒருவர், அவள் போன பிறகும் நறுக்கியிருக்கிறார். நீயும் சமைத்துச் சாப்பிடு. மாதக்கணக்கில் ரொட்டியும் காபியும் போதாது.

அருகிலேயே மூன்றாவது கல்லறை இருக்கிறது. அது அவளுடைய மகனுடையது. முப்பது வயதை ஒட்டிப் போனவன். அதிலிருந்த ஒரு மரப்பலகையில், வீட்டு அலுவலர் ஒருவர் மறுவுலக அலுவலருக்கு, இன்னின்ன பொருள்களின் பட்டியலை அனுப்புகிறோம், பெற்றுக்கொண்டு மேலிடத்துக்குத் தெரிவியுங்கள் என்று முறையாக எழுதியிருக்கிறார். அதில் உள்ள நாளைக் கொண்டுதான் அந்த அடக்கம் கி.மு. 168இல் நடந்தது என்று சொல்கிறார்கள். தாயின் கல்லறை அதற்குப் பிந்தியது. அப்படியென்றால் மகனுக்கான பட்டியல் எழுதப்பட்ட நாளில் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் அந்த வீட்டில் எழுந்து நடமாடி, கோலூன்றி, கடைசிக் கோடையில் முலாம்பழமும் சாப்பிட்டிருக்கிறாள். அந்த விதைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது. பிள்ளையை மறந்துவிட்டுச் சாப்பிட்டாள் என்று யார் சொல்ல முடியும்?

ஹான் அரச மரபின் பிற்காலக் கல்லறைகளில், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், பானைகளில் வேறு விதமாக எழுதி வைத்தார்கள். உயிரோடிருப்பவர்கள் மேற்கே பழைய தலைநகரான சாங்ஆனுக்கு உரியவர்கள், இறந்தவர்கள் கிழக்கே தாய்ஷான் மலைக்கு உரியவர்கள், இருவருக்கும் வழி வேறு, இனி ஒருவரையொருவர் நினைக்க வேண்டாம் என்ற பொருளில். போனவர்களால் இருப்பவர்களுக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்தில் எழுதியவை அவை. நினைக்கக் கூடாது என்று உனக்கு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அந்த வாசகம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வழி வேறு என்பதை மட்டும் ஏற்கிறேன். அம்மா போன வழியில் நீ இப்போதே பாதித் தூரம் போய் நிற்கக் கூடாது.

புடவைகள் அப்படியே இருக்கட்டும். தை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு வா; எதை வைத்துக்கொள்வது, எதை அத்தைக்கும் சித்திக்கும் கொடுப்பது என்று நீயே பார்த்துச் சொல், தம்பியும் இருப்பான். அந்தப் பச்சைப் பட்டு உனக்குத்தான் என்று அவளே எடுத்து வைத்திருந்தாள். இரவு வேலையை மாற்றிக்கொண்டாயா என்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் சொல். என்ன சமைத்தாய் என்றும் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா