பழைய சிறு விமானங்களில் சிக்கும் எரிபொருள் மிதவை

ஐயா,

அப்துல்லாபுரம் விமானத் தளம் குறித்த செய்திகள் வரும்போதெல்லாம் நம் மாவட்டப் பொறியியல் மாணவர்கள் பழைய சிறு விமானங்களைப் பற்றி ஆர்வமாகக் கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன். எரிபொருள் அளவியின் முள் நகராவிட்டால் கண்ணாடியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பும் பழக்கம் மிக ஆபத்தானது.

பைப்பர் கப் ஜே-3 விமானத்தில் சுமார் 45 லிட்டர் டேங்க். அதனுள் தக்கை மிதவை. அதில் பொருத்திய கம்பி மூடியின் துளை வழியே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். தக்கை பெட்ரோலில் ஊறிவிட்டால் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் பெரிய கேடில்லை. கம்பி வளைந்தோ துருப்பிடித்தோ துளையில் சிக்கினால் டேங்க் காலியான பிறகும் நிமிர்ந்தே நிற்கும். உயிருக்கு உலை வைப்பது இதுதான்.

மின் அளவி உள்ள விமானங்களில் பெரும்பாலும் சிக்குவது மிதவைக் கையின், அதாவது மிதவையோடு ஏறி இறங்கும் கம்பியின், அச்சு. வேலூர் வெயிலில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்துவிடும். இறக்கையை ஆட்டும்போது மட்டும் முள் நகர்ந்தால் மிதவையைச் சந்தேகியுங்கள். கண்ணாடியைத் தட்டும்போது நகர்ந்தால் கோளாறு அளவியில். மிதவையைக் கழற்றுமுன் டேங்கின் எர்த் இணைப்பையும் பாருங்கள்; அது தளர்ந்திருந்தாலும் முள் தவறாகக் காட்டும்.

நம்பகமான சோதனை ஒன்று உண்டு. விமானத்தை மட்டமாக நிறுத்தி, எர்த் கம்பி இணைத்து, டேங்கை முழுக்க வடித்துவிடுங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டாம், நிலைமின்சாரத்தால் தீப்பொறி எழலாம். பிறகு 5 லிட்டர் 5 லிட்டராக ஊற்றி ஒவ்வொரு முறையும் அளவியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதேபோல் 5 லிட்டராக வடித்தும் குறியுங்கள். ஏறும்போது குறைவாகவும் இறங்கும்போது கூடுதலாகவும் காட்டினால் உராய்வு. இரண்டு முறையும் ஒரே அளவு பிசகினால் கை வளைந்திருக்கிறது, அல்லது மிதவை கனத்துவிட்டது.

தக்கை மிதவையின் கம்பியைக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டினால் வளைவு தெரியும். நேராக்கிவிட்டு, துளையையும் சுத்தம் செய்யுங்கள். துளையைப் பெரிதாக்காதீர்கள், மழைநீர் இறங்கும். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும். பித்தளை மிதவையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வெந்நீரில் அமிழ்த்தினால் குமிழ் வரும். உள்ளே பெட்ரோல் இருக்கக்கூடும் என்பதால், அடுப்பு எரியும் இடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி வைத்தே இதைச் செய்ய வேண்டும். அதே காரணத்தால் ஓட்டையை அங்கேயே உலோகப் பற்று வைத்து அடைக்கவும் கூடாது.

பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலை ஊற்றவே கூடாது. தக்கையின் அரக்குப் பூச்சை எத்தனால் கரைத்துவிடும். கரைந்தது வடிகட்டியில் போய் அடைக்கும். ஊறிய தக்கைக்கு மீண்டும் பூச்சு அடிப்பதைவிட, அங்கீகரிக்கப்பட்ட செயற்கை மிதவையை மாற்றுவதே மேல். மாற்றிய பின் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர் சோதித்துக் கையொப்பமிட வேண்டும்.

அளவி சரியாக இருந்தாலும் ஒவ்வொரு பறப்புக்கும் முன்பு, அந்த டேங்குக்கென்றே கோடிட்ட மரக்குச்சியை விட்டுப் பாருங்கள். ஜே-3 விமானத்தின் 65 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 17 லிட்டர் குடிக்கும். டேங்க் நிறைந்திருந்தாலும் 2 மணி நேரத்துக்குள் தரையிறங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர்,
காட்பாடி