ஏழாம் அத்தியாயத்துத் தந்தி

அன்புள்ள செல்வா,

உன் கையெழுத்துப் பிரதி வந்து மூன்று மாதம் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடாதது என் தப்புதான். இங்கே எல்லோரும் சௌக்கியம். அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நீ கேட்ட புத்தகம் ரவியிடம் இருக்கிறது; அவனிடமிருந்து அதைத் திரும்ப வாங்குவது உன் சாமர்த்தியம். இனி நாவல்: இரண்டாம் உலகப் போர்க்கால இங்கிலாந்தில் மேடையில் ஆடும் உன் டெய்சியும், அவள் காதலிக்கும் குண்டுவீச்சு விமானி ஆர்தரும்.

எனக்குப் பிடித்திருக்கிறது. டெய்சி மேடையில் ஆடும்போது கால் வலிப்பது எனக்கே தெரிகிறது. ஆர்தர் அவளிடம் அதிகம் பேசாமல் நிற்கிற இடங்கள் எல்லாம் சரியாக விழுந்திருக்கின்றன. ஆனால் ஏழாம் அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டேன். ஆர்தர் இறந்த செய்தியோடு தந்திக்காரப் பையன் சைக்கிளில் வருகிறான், டெய்சி கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள், படித்துவிட்டு மேடையேறி ஆடுகிறாள். செல்வா, அந்தத் தந்தி அவளுக்கு வராது.

விமானப் படையின் பதிவேட்டில் நெருங்கிய உறவினர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் தந்தி போகும். கல்யாணம் ஆகாத பையனுக்குப் பெரும்பாலும் அது அப்பா அல்லது அம்மா. காதலியின் பெயர் பெரும்பாலும் அதில் இருக்காது. முதல் தந்தியில் இறந்துவிட்டான் என்றும் இருக்காது, காணவில்லை என்றுதான் இருக்கும். வேறு தகவலே வராவிட்டால் இறந்ததாகக் கருதுகிறோம் என்று எழுத ஆறு மாதம் போல ஆகும். டெய்சிக்குத் தெரியவருவது எப்படி என்றால், அவள் போட்ட கடிதம் அவளிடமே திரும்பி வரும். பெறுநர் காணாமற்போனதாகத் தகவல், ஆகவே சேர்ப்பிக்க இயலவில்லை என்கிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.

அதற்குள் தளத்தில் என்ன நடந்திருக்கும் தெரியுமா? மறுநாளே அவன் அறையைக் காலி செய்துவிடுவார்கள். அதற்கென்று ஒரு குழு உண்டு. அரசாங்கச் சாமான்களைத் தனியே பிரித்துவிட்டு, சொந்தப் பொருட்களுக்குப் பட்டியல் போட்டு, கடிதங்களைப் பிரித்துப் படித்து, குடும்பத்தின் மனதை நோகடிக்கும் என்று தோன்றுவதை எடுத்துவிடுவார்கள். மிச்சம் லண்டனுக்கு மேற்கே கோல்ன்புரூக்கில் இருந்த கிடங்குக்குப் போய், அங்கிருந்து வீட்டுக்குப் போகும். டெய்சி ஒரு வருஷமாக எழுதிய கடிதங்கள் என்ன ஆக வேண்டும் என்பதை, அவள் முகத்தைக்கூடப் பார்த்திராத ஓர் அதிகாரி தீர்மானிப்பார். நீ எழுத வேண்டிய காட்சி அது. இந்த ஒரு விஷயத்துக்காகவே அந்தக் காலத்தில் பல பேர் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். மனைவி ஆகிவிட்டால் பதிவேட்டில் பெயர் ஏறும்.

இரண்டாவது விஷயம். அவர்கள் சேரவிடாமல் தடுப்பதற்கு ஆர்தரின் அம்மாவைக் கொண்டுவந்திருக்கிறாய். அம்மா தேவையே இல்லை, இரண்டு பேருடைய வேலை நேரமே போதும். டெய்சியின் வாரம் திங்கள் முதல் சனி வரை, இரவுக்கு இரண்டு ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை அரங்குகள் மூடிக்கிடக்கும். அன்றைக்குத்தான் பெட்டி படுக்கையோடு அடுத்த ஊருக்கு ரயில். குரூ ரயில் சந்திப்பில் ஞாயிற்றுக்கிழமை நின்றால் நாட்டிலுள்ள பாதிக் கலைஞர்களைப் பார்த்துவிடலாம் என்பார்கள். ஆர்தரின் வாரத்துக்குக் கிழமையே கிடையாது. இன்றிரவு பறக்க வேண்டுமா என்பது காலை பத்து மணிவாக்கில்தான் தெரியும். பறப்பது உறுதியானால் தளத்திலிருந்து வெளியே பேசும் தொலைபேசிகளை நிறுத்திவிடுவார்கள், ரகசியம் கசியக்கூடாது என்று. ஆகவே சாயங்காலம் அவன் கூப்பிடவில்லை என்றால் அவளுக்கு அதுவே பதில். முதல் ஆட்டத்துக்கும் இரண்டாம் ஆட்டத்துக்கும் நடுவில், வேர்த்த முகத்தோடு, மணி அடிக்காத அந்தத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கட்டும்.

உண்மையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உனக்கு உதவும். கை கிப்சன் (Guy Gibson) என்று ஒரு பிரிட்டிஷ் விமானி. பிறந்தது நம் சிம்லாவில், 1918-ல். அப்பா வனத்துறை அதிகாரி. 1939 டிசம்பரில் கோவன்ட்ரியில் ஓர் இசை நிகழ்ச்சியில் ஈவ் மூர் என்ற நடிகையைப் பார்க்கிறார். அவருக்கு அப்போது 21 வயது, ஈவ் பல வருஷம் மூத்தவர். 1940 நவம்பர் 23-ல் வேல்ஸில் ஈவின் ஊரான பெனார்த்தில் கல்யாணம். அதற்கு ஒன்பது நாள் முன்னால், நவம்பர் 14 இரவு, அவர்கள் சந்தித்த கோவன்ட்ரியை ஜெர்மானியர்கள் எரித்தார்கள். ஐந்நூறுக்கு மேல் சாவு. நல்ல நிலா வெளிச்சம். அந்தத் தாக்குதலுக்கு அவர்கள் வைத்த பெயரே 'மூன்லைட் சொனாட்டா'. அந்த மாதம்தான் கிப்சனை இரவு நேரத்தில் எதிரி விமானங்களை வேட்டையாடும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். எந்த ஊரில் அவளைக் கண்டாரோ அந்த ஊரை எரித்தவர்களைத் தேடிப் பிடிப்பதுதான் புதுமாப்பிள்ளையின் புது வேலை.

நீ மூன்று இடத்தில் நிலா போட்டிருக்கிறாய், மூன்றும் நம் ஊர் நிலா. அந்த வருஷத்து இங்கிலாந்தில் நிலா வந்தால் ஜனங்கள் பயப்பட்டார்கள். விமானிக்கோ ஆரம்பத்தில் ஆறும் ரயில் பாதையும் தெரிய நிலா வேண்டும். 1943 வாக்கில் ஜெர்மன் இரவு வேட்டை விமானங்கள் பெருகிய பிறகு அதே நிலா எமன். டெய்சி ஜன்னலில் நிலாவைப் பார்த்தால் முதலில் அவளுக்கு வயிறு கலங்க வேண்டும்.

கிப்சனுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் நிலா இரவுதான். 1943 மே 16 இரவு அவர் தலைமையில் ஜெர்மனியின் அணைகளைத் தகர்க்கப் போனவை 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள், 133 பேர். மோனே, ஏடர் அணைகள் உடைந்தன. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 பேர் இறந்தார்கள், மூன்று பேர் பிடிபட்டார்கள். கீழே வெள்ளத்தில் ஆயிரத்துக்கு மேல் போனார்கள், அதில் பெரும்பகுதி அங்கே கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட அயல்நாட்டவர்கள். கிப்சனுக்கு வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. ஆனால் அந்தத் தயாரிப்பு நடந்த இரண்டு மாதமும் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. அந்தக் கல்யாணமும் சுமுகமாகப் போகவில்லை. வருஷக் கணக்கில் ஆளுக்கொரு ஊர். 1944 செப்டம்பர் 19 இரவு நெதர்லாந்தில் ஸ்டீன்பெர்கனில் அவருடைய மஸ்கிட்டோ விமானம் விழுந்தது. வயது 26. ஏன் விழுந்தது என்று இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயே அடக்கம்.

சில்லறைத் திருத்தங்கள். 1940-ல் ஸ்காம்ப்டன் தளம் என்றால் ஆர்தர் ஓட்டுவது ஹாம்ப்டன் குண்டுவீச்சு விமானம். அதில் துணை விமானிக்கு இருக்கை கிடையாது. உடற்பகுதி அகலமே மூன்று அடி. பறக்கும் சூட்கேஸ் என்று பெயர். உள்ளே நாலு பேர், ஆளுக்கு ஒரு பொந்து. ஐந்தாம் அத்தியாயத்தில் ஆர்தருக்குத் தோளில் குண்டு பட்டதும் துணை விமானி வாங்கி ஓட்டுகிறான் என்கிறாய். முடியாது. விமானத்தின் மூக்கில் இருக்கும் வழிகாட்டி ஊர்ந்து வந்து, அவனைப் பின்னால் இழுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் தான் நுழைய வேண்டும், அதுவரை விமானம் நேராகப் பறக்க வேண்டும். பெரும்பாலும் காயத்தோடு அவனே ஓட்டிவருவதுதான் நடக்கும். அப்படியே எழுது, காட்சி இன்னும் கனக்கும்.

கல்யாணக் கேக்கில் வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு வேண்டாம். 1940 ஆகஸ்டிலிருந்து அதற்குத் தடை. அட்டையில் கேக் மாதிரி செய்து, வாடகைக்கு எடுத்து, சின்ன கேக்கின் மேல் கவிழ்த்துவைப்பார்கள். பட்டுக் காலுறை 1941-க்குப் பிறகு கடையில் கிடைக்காது, பட்டு பாராசூட்டுக்குப் போய்விட்டது. பெண்கள் காலில் குழம்புக்குப் போடும் பழுப்புப் பொடியைக் கரைத்துப் பூசி, பின்னங்காலில் புருவப் பென்சிலால் தையல் கோடு இழுத்துக்கொண்டார்கள். மழை பெய்தால் வழியும். அப்புறம் முட்டை: ரேஷனில் அவளுக்கு வாரத்துக்கு ஒன்று, பறக்கும் இரவில் அவனுக்குத் தட்டில் முட்டையும் பன்றி இறைச்சியும். அவன் அதைப் பற்றி அவளிடம் பேசவே கூச்சப்படுவான்.

குண்டு வீச முப்பது தடவை போய் வந்தால் ஒரு சுற்று முடியும், அப்புறம் ஆறு மாதம் போல ஓய்வு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு வார விடுப்பு கிடைக்கும், அதுவும் அவள் எந்த ஊரில் ஆடுகிறாள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். டெய்சிக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் பக்கத்து அறைப் பெண்ணுக்கு வந்துகொண்டிருந்த கடிதம் நின்றுபோனது தெரியும்.

அத்தியாயத்தைத் திருத்தி அனுப்பு. தந்தியை எடுத்துவிடு. கடிதம் திரும்பி வரட்டும், அவளுடைய கையெழுத்திலேயே முகவரி எழுதிய உறை, பிரிக்காமல். எட்டாம் அத்தியாயம் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து அனுப்பு. இந்த முறை மூன்று மாதம் ஆகாது.

அன்புடன்,
மணி